சொல்லாமல் விட்ட பெயர்

பர்மாவின் முடோன் ஊர்ச் சந்தையின் தென்மூலையில், மீன்காரிகளின் வரிசை முடிகிற இடத்தில் ஓன் மே மொஹிங்கா கடை வைத்திருந்தாள். கெளுத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, எலுமிச்சைப்புல்லும் வாழைத்தண்டும் போட்டுக் காய்ச்சிய சாற்றை அரிசிச் சேவையின் மேல் ஊற்றித் தருவாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்து வருகிற ஆட்கள்தான் முதல் பந்தி. அவர்களில் ஒருவன் தெயின் சான். இரண்டு கிண்ணம் சாப்பிடுவான், இரண்டிலும் குறை சொல்லுவான்.

"மீன் இந்தத் தண்ணியில நீந்திட்டு மட்டும் போயிருக்கு போல. ஆளையே காணோமே."

"நீயே போய்ப் பிடிச்சுட்டு வா. வலை வேணும்னா தரேன்," என்பாள் ஓன் மே, சட்டுவத்தைக் கீழே வைக்காமல்.

இப்படிப் பேசிப் பேசியே கல்யாணம் ஆயிற்று. அவன் வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும். அம்மா மியா யின் பௌர்ணமி, அமாவாசைகளில் எட்டு சீலம் என்கிற நோன்பு காப்பவள். அன்றைக்கு மதியத்துக்கு மேல் சாப்பிட மாட்டாள், சாயங்காலம் மருமகளை ஏக்கமாகப் பார்ப்பாள். "பசிக்குதாம்மா?" என்று கேட்டால், "பசின்னு ஒண்ணு இருக்கு, எனக்கு இல்ல," என்பாள். தெயின் சான் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரு கட்சி, அவன் எதிர்க்கட்சி. குழந்தை தங்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் பாதி நாள் மூடிக் கிடந்தது. ஊரில் இளவட்டங்கள் எல்லாம் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனார்கள், தெயின் சானும் போனான். ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான். மகாசாய்த் துறைமுகத்தில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. கைபேசி ஊருக்கு வராத காலம் அது. சந்தை டெலிபோன் கடைக்கு அவன் கூப்பிடுவான். கடைக்காரி வாசலில் நின்று கத்துவாள், ஓன் மே சட்டுவத்தோடு ஓடுவாள்.

கடைசியாகக் கூப்பிட்டபோது டெலிபோன் லைன் இரைந்தது.

"போட்டுல ஏறச் சொல்றாங்க ஓன் மே. ஆழ்கடல்ல மீன் பிடிக்கிற வேலையாம்."

"உனக்குக் குளத்துலயே நீந்த வராதே!"

"நீதானே வலை தரேன்னு சொன்ன? அங்க அவங்களே தராங்க," என்று சிரித்தான். அதற்குள் லைன் அறுந்தது.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனைக் கூட்டிப்போன தரகன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். மகாசாயிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் கேட்டாள். அந்தப் படகு கரைக்கே வருவதில்லை, நடுக்கடலில் ஆட்களை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவார்கள், வேறு பெயரில் காகிதம் வைத்திருப்பார்கள் என்றார்கள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்டால் தலையைச் சொறிந்தார்கள்.

இரண்டாவது மழைக்கால நோன்பு முடிகிற சமயத்தில் மியா யின் பேச்சை எடுத்தாள்.

"மகளே, மடத்துலேர்ந்து பிக்குகளைக் கூப்பிட்டு வீட்டுல சோறு போடலாம்னு பாக்கறேன்."

"போடலாம்மா. அன்னிக்குக் கடையை மூடிடறேன்."

"அவன் பேர்ல."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓன் மேயின் கை நின்றது. "அவர் பேர்லன்னா?"

"தண்ணி ஊத்தி, பேரைச் சொல்லி..."

"உயிரோட இருக்கறவருக்கு எதுக்கும்மா அப்படித் தண்ணி ஊத்தணும்?"

பிக்குகளுக்கு உணவிட்ட பிறகு, செம்பிலிருந்து தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். இறந்தவர் பெயரைச் சொல்லி அழைத்தால், அவர் பசித்த பிறவியாக எங்காவது அலைந்துகொண்டிருந்தாலும் காதில் விழும். நல்லது என்பதற்கு 'சாது' என்று சொல்லி மகிழ்வார், வயிறு நிறையும். அழைக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. மியா யினுக்கு அதுதான் உறுத்தியது. ஓன் மேக்கு உறுத்தியது வேறு. பெயரைச் சொல்லி அழைத்துவிட்டால் அவன் செத்தவன், அவள் விதவை. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்மா," என்றாள். மாமியார் தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சித்திரையில் தண்ணீர்த் திருவிழா வந்தது. ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றிக் கூத்தடிக்க, வயதானவர்கள் மலையடிவாரத்துத் தியான மடத்துக்குப் போய் உட்காருவார்கள். மியா யின் மருமகளையும் இழுத்துக்கொண்டு போனாள். பழுப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் கேமாசாரி என்ற பிக்குணி. ஓன் மேயைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மொட்டைத் தலை, ரோஸ் நிற அங்கி, ஓயாத இருமல்.

மூச்சில் வயிறு எழுவதையும் இறங்குவதையும் கவனிக்கச் சொன்னாள். கால் மரத்தது. "வலிக்குது சயாலே," என்றாள் ஓன் மே. பிக்குணிகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

"'எனக்கு வலிக்குது'ன்னு போகாத. 'வலி'ன்னு மட்டும் பாரு. வரும், இருக்கும், போகும். அநிச்சம், எதுவும் நிலையில்லன்னு நாம வாயால சொல்றோமே, அதைத்தான் உன் முட்டி சொல்லுது."

பக்கத்தில் மியா யின் குறட்டை விட்டாள்.

"அம்மா, தூக்கம் வந்தா தூக்கம்னு கவனிங்க."

"கவனிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன் சயாலே," என்றாள் கிழவி கண்ணைத் திறக்காமல். கூடமே குலுங்கிற்று. ஓன் மேயும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மூச்சுப் பழகிய பிறகு மெத்தா தியானம். எல்லா உயிரும் நலமாயிருக்க வேண்டும் என்று மனதை விரிப்பது. கேமாசாரி வரிசை சொன்னாள். முதலில் தனக்கு. பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கு. பிறகு வேண்டாதவரும் இல்லை வேண்டியவரும் இல்லை என்கிற ஒருவருக்கு. கடைசியில் பகைவருக்கு.

"புருஷனையோ பொண்டாட்டியையோ எடுத்த எடுப்புல மனசுல வைக்காதீங்க. ஆசை வந்து கலந்துடும். செத்தவங்களை வைக்கவே கூடாது. அங்க மெத்தா ஊனாது. பழைய சாத்திர உரையிலயே இருக்கு. ஒரு சின்ன பிக்கு தன் குருவை நினைச்சு மெத்தா பண்றார், என்ன பண்ணியும் மனசு நிக்கல. பெரியவர்கிட்ட போய்க் கேட்டா, நீ யாரை வெச்சிருக்கன்னு விசாரிச்சுப் பாருங்கறார். விசாரிச்சா, குரு எப்பவோ காலமாயிட்டார்."

மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஓன் மேயின் மனதில் மட்டும் அது கேள்வியாகத் திரும்பிற்று. செத்தவர் மேல் ஊனாது என்றால், ஊன்றினால்?

தனக்கு வேண்டுவதை அவசர அவசரமாக முடித்தாள். குருவையும் தாண்டினாள். தெயின் சானை வைத்தாள். அவன் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சாற்றைக் குடிக்கிற முகம். 'நல்லா இரு. பயமில்லாம இரு. உடம்பு நோகாம இரு.' நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பரவிற்று. கண்ணோரம் நனைந்தது. அசையாமல் நின்றது மனது. அவ்வளவு நேரம் அது எதிலும் நின்றதில்லை.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மாமியாரின் கையைப் பிடித்தாள். "அம்மா, அவர் இருக்கார். உயிரோடதான் இருக்கார்." வாசலில் நின்ற கேமாசாரி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்தது. ஓன் மே படியிறங்கிப் போய்விட்டாள்.

அதிலிருந்து தினமும் விடியலில், அடுப்பு மூட்டும் முன் புத்தர் மாடத்தின் எதிரே உட்காருவாள். மற்றவர்களுக்குத் தியானம், அவளுக்கு அது டெலிபோன் கடை. நெஞ்சு வெதுவெதுத்தால் அவன் இருக்கிறான், அன்றைக்குச் சாறு மணக்கும். சில நாள் மனது ஓடிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கு அவள் பயந்து நடுங்கி, மறுபடி மறுபடி உட்கார்ந்து, சூடு வந்த பிறகுதான் எழுந்திருப்பாள். கடை திறக்கத் தாமதமாகும்.

மீன்காரி மா புவா வாயாடி. "உன் ஆளு உயிரோடதான் இருக்கான்ங்கற. சரி. இத்தனை வருஷமா ஒரு போன் இல்ல, ஆள் விட்டுச் சொல்லல. அப்போ என்ன அர்த்தம்? எவளோ ஒரு தாய்லாந்துக்காரி நல்லா சமைச்சுப் போடறா."

ஓன் மே அன்று கிண்ணத்தைத் தரையில் அடித்து உடைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தங்கிவிட்டது. விடியலில் உட்கார்ந்தால் அந்தத் தாய்லாந்துக்காரி மனதில் வந்து நின்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஓன் மே மாதக்கணக்கில் அவளைத் திட்டினாள், மனதிலேயே மயிரைப் பிடித்து இழுத்தாள். ஒருநாள் அலுத்துப்போய், 'சரி, அந்தப் பிள்ளைங்களும் நல்லா இருக்கட்டும்,' என்று நினைத்தாள். நினைத்ததும் தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. இல்லாத பிள்ளைகள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மியா யினோ கனவு காணத் தொடங்கியிருந்தாள். கனவில் மகன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். எலும்பும் தோலுமாக. உள்ளே வா என்றால் வருவதில்லை. வாயைக் காட்டுகிறான்.

"அவனுக்குப் பசிக்குது மகளே."

"கனவும்மா அது."

"உன்னோடது மட்டும் என்னவாம்?" கிழவிக்குக் குரல் உயர்ந்தது. "நீ கண்ணை மூடிக்கிட்டு சூடு வருதா சூடு வருதான்னு பாக்கற. அங்க என் புள்ள பட்டினி கிடக்கறான். நீ அவனை உயிரோட வெச்சுக்கணும்னு பட்டினி போடற!"

"பெத்தவங்க நீங்களே அவரைச் சாகடிக்கறீங்களேம்மா!"

இருவரும் அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஓர் உடன்பாடு தானாக ஏற்பட்டது. வீட்டில் உணவிட்டுத் தண்ணீர் வார்க்கும்போது மியா யின் 'எல்லா உலகத்திலும் இருக்கிற எல்லா உயிர்களுக்கும்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வாள். மகன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஓன் மே எதிரில் உட்கார்ந்து கிழவியின் உதடுகளையே பார்ப்பாள். உதடு சில சமயம் துடிக்கும். ஓசை வராது.

கடைசி நாட்களில் மியா யின் கால் வீங்கிப் படுக்கையாகிவிட்டாள். ஓன் மே அவளைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். பெற்ற மகள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஊர் பேசிற்று. ஒரு மத்தியானம் கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணி ஊத்துவ இல்ல?"

"ஊத்துவேம்மா. அதெல்லாம் இப்போ எதுக்கு?"

"என் பேரைச் சொல்லும்போது... கூடவே அவன் பேரையும் ஒரே ஒரு தடவை சொல்லிடு. நான் அவனைப் பாத்துக்கறேன்."

ஓன் மே கிழவியின் நெற்றியைத் தடவினாள். "சொல்றேம்மா."

மியா யின் இறந்த ஏழாம் நாள் சடங்குக்குப் பிக்குகள் வந்தார்கள். சோறு, கோழிக்குழம்பு, வாழைப்பழம், கிழவிக்குப் பிடித்த பனைவெல்ல உருண்டை. ஓன் மே செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் தட்டில் சொட்டிற்று. "மறைந்த என் தாய் மியா யின் இதைக் கேட்டு மகிழட்டும்," என்றாள். அடுத்த பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பிக்கு கண்ணை மூடிக் காத்திருந்தார். அன்று விடியலில்கூட நெஞ்சு வெதுவெதுத்ததே. ஓன் மே செம்பை நிமிர்த்திவிட்டாள். வந்தவர்கள் 'சாது, சாது, சாது' என்றார்கள்.

அந்தச் சத்தத்தில் அவள் விம்மியதை மாமியாருக்கான அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு காலையில், சந்தைக்கு ஓர் ஆள் வந்தான். பெயர் பா சித். முகமும் கழுத்தும் வெயிலில் கருகியிருந்தன. வலது கையில் இரண்டு விரல் இல்லை. தூரத்துத் தீவு ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, பல வருஷம் கழித்துக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவன். மா புவாதான் அவனைக் கூட்டிவந்தாள். அவள் எதுவும் பேசாமல் வந்ததைப் பார்த்ததுமே ஓன் மே கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மொஹிங்கா விக்கிற ஓன் மே அக்கா நீங்கதானா?"

"நான்தான். உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. "தெயின் சான் அண்ணனோட நானும் ஒரே போட்டுல இருந்தேன்."

"எங்க இருக்கார் அவர்?"

பா சித் மா புவாவைப் பார்த்தான். மா புவா தன் மீன் கூடையைப் பார்த்தாள்.

"முதல் மழைக்காலத்துலயே போயிட்டார் அக்கா. கால் வீங்கிச்சு. அப்புறம் மேல மேல ஏறிச்சு. அங்க காய்கறியே கிடையாது, மருந்தும் கிடையாது. வலைமேல படுத்திருந்தார். நாங்க நாலு பேர் பர்மாக்காரங்க. கடல்ல விடறதுக்கு முன்னாடி மெத்தா சூத்திரம் சொல்லலாம்னு பாத்தோம். யாருக்கும் முழுசாத் தெரியல. எனக்குக் கொஞ்சம், இன்னொருத்தனுக்குக் கொஞ்சம். சேத்துச் சொன்னோம்."

ஓன் மே சட்டுவத்தால் சாற்றைக் கிளறினாள். கிளறிக்கொண்டே இருந்தாள். முதல் மழைக்காலம். அவள் மடத்துக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்ததற்கு வெகுநாள் முன்பே.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அக்கா..."

"உக்காருங்க தம்பி. ஆறிடும்."

அவன் சாப்பிட்டான். அவள் எதிரே நின்று பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை வாங்கிக் கழுவினாள். கடையை மூடும்படி மா புவாவிடம் சொல்லிவிட்டு, மடத்துக்கு நடந்தே போனாள்.

கேமாசாரி மாமரத்தடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஓன் மே தரையில் உட்கார்ந்து, வணங்காமலே பேசினாள்.

"அவர் செத்து எத்தனையோ வருஷமாச்சாம். செத்தவங்க மேல ஊனாதுன்னீங்களே. எனக்கு ஊனிச்சே சயாலே. தினமும் ஊனிச்சே. அப்போ அது பொய்யா?"

கேமாசாரி கையிலிருந்த துணியைக் கீழே விட்டாள்.

"உரையில சொல்றது ரொம்ப ஆழமான தியான நிலையைப் பத்தி. மனசு அப்படியே ஒண்ணுல கரைஞ்சு நிக்கிற நிலை. அது எனக்கே எட்டல. உனக்கு வந்த சூடு... அது பாசம் ஓன் மே. மெத்தாவுக்கு ரெண்டு எதிரின்னு சொல்வாங்க. வெறுப்பு தூரத்து எதிரி, வந்தா அடையாளம் தெரியும். பாசம் கிட்டத்து எதிரி. மெத்தா மாதிரியே முகம் இருக்கும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். நீ உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சதைப் பாத்தேன். நீ என்ன நினைச்சுக்கிட்டன்னு எனக்குப் புரிஞ்சுது. வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த சித்திரைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன்." கேமாசாரியின் குரல் உடைந்தது. "கருணைன்னு நினைச்சேன். அதுலயும் ஒரு கிட்டத்து எதிரி இருக்கான்."

"அம்மா சொன்ன மாதிரி அவர் பட்டினி கிடந்தாரா? நான் பேர் சொல்லாததால?"

"எனக்குத் தெரியாது. பசித்த பிறவியா இருந்தாதான் நாம குடுக்கறது போய்ச் சேரும்னு சொல்லுவாங்க. மனுஷனாப் பொறந்திருந்தா உன் தண்ணி அவருக்குத் தேவையே இல்ல. இந்நேரம் எங்கயாவது பை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருப்பார்."

"எதுன்னு தெரிஞ்சுக்க வழியில்லையா?"

"இல்ல."

ஓன் மே அப்போதுதான் அழுதாள். சத்தமாக, நெஞ்சில் அடித்துக்கொண்டு. கூடத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேமாசாரி 'அழுகை என்று கவனி' என்றோ 'அநிச்சம்' என்றோ சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு தானும் அழுதாள்.

நோன்பு முடிந்த பௌர்ணமிக்கு ஓன் மே வீட்டில் பிக்குகளுக்கு உணவிட்டாள். பா சித்தும் வந்தான். மா புவா மீன் முழுவதையும் தானே கொண்டுவந்து, தானே சமைத்தாள். ஓன் மே செம்பைச் சாய்த்து மாமியார் பெயரைச் சொன்னாள். "என் கணவர் தெயின் சான்," என்று தொடங்கினாள். அத்தனை வருஷம் தினமும் மனதுக்குள் சொன்ன பெயர், வாய்விட்டுச் சொல்லும்போது யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. "எங்கிருந்தாலும் கேட்டு மகிழட்டும்." தண்ணீர் தீர்ந்த பிறகும் செம்பைச் சாய்த்தபடியே இருந்தாள். மா புவாதான் மெல்ல வாங்கி வைத்தாள்.

அதன் பிறகு ஓன் மே விடியலில் உட்காரவில்லை. ஐந்து சீலம் காத்தாள், மடத்துக்கு அரிசி அனுப்பினாள். தியானத்துக்குக் கூப்பிட்டவர்களிடம், "எனக்கு வராது, விட்டுடுங்க," என்றாள். கேமாசாரி ஒருமுறை கடைக்கே வந்து பார்த்தாள். இருவரும் தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள்.

பா சித் ஊரோரத்துத் தோட்டமொன்றில் காவலுக்குச் சேர்ந்தான். சந்தை நாளில் கடைக்கு வருவான். ஓன் மே கிண்ணத்தை வைத்துவிட்டு, "அவர் வேற என்ன சொன்னார்?" என்று கேட்பாள். அவனும் சொன்னான். வலை இழுக்கும்போது பாடிய பாட்டு, தாய்லாந்துக் கப்பித்தானுக்கு வைத்த பட்டப்பெயர், மொஹிங்காவில் மீன் இருக்காது என்று பொண்டாட்டியைக் கிண்டலடித்தது. ஒரே பருவம் கூட இருந்தவனுக்கு எவ்வளவுதான் ஞாபகம் இருக்கும்? சொன்னதையே சொன்னான். பிறகு புதிதாகவும் சொன்னான். படகின் முனையிலிருந்து குதித்து நீந்தித் தெயின் சான் சுறாவை ஏமாற்றிய கதை, புயலில் எல்லோரையும் சிரிக்க வைத்த கதை.

"குளத்துலயே நீந்த வராது அவருக்கு," என்றாள் ஓன் மே ஒருநாள்.

பா சித் தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவால்ல தம்பி," என்று இன்னொரு கரண்டி சாறு ஊற்றினாள். "அப்புறம் அந்தச் சுறா என்ன ஆச்சு?"